ஐஸ் ட்ரேயில் இருப்பது ஐஸ்

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இருபத்தாறு வருடமாக ஐஸைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லும்போது பெருமை தானாக வந்துவிடுகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.

குளிர்பதனக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பதினான்கு வருடம் கண்காணிப்பாளர். ஊரில் யார் வீட்டுத் தட்டில் எந்த மாதத்து மீன் விழுகிறது, எந்த வருடத்துப் பட்டாணி உருளுகிறது என்று எனக்குத் தேதியோடு தெரியும். அப்படித் தெரிந்தவன் தன் வீட்டில் என்ன செய்வான்? அன்றன்று வாங்குவான், அன்றன்று சாப்பிடுவான். எங்கள் ஃப்ரீசரில் ஆறு ஐஸ் ட்ரே, ஆறிலும் தண்ணீர். விருந்தாளி வந்தால் கதவைத் திறந்து காட்டுவேன். சிலர் பரிசுக் கோப்பைகளைக் காட்டுவார்கள், நான் இதைக் காட்டுவேன்.

என் அப்பா ஐஸ் தொழிற்சாலையில் பாளம் தூக்கியவர். சாக்கை மடித்து இடது தோளில் போட்டு, அதன்மேல் பாளத்தை ஏற்றிக்கொள்வார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆன பிறகும் அந்தத் தோள் சில்லென்று இருக்கும். அவருக்குப் புகைப்படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. அவர் பெயர் இன்று என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக நிற்கிறது, அவ்வளவுதான். எனக்கு ஒரே மகள். நான் போனால் அந்த எழுத்தும் போய்விடும். ஆகவே மகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே முடிவு செய்துவிட்டேன்: குழந்தைக்கு என் அப்பாவின் பெயர்.

சம்பந்தியும் அதே நாளில் அதே முடிவைத் தம் அப்பாவின் பெயருக்காகச் செய்திருந்தார். அவர் அப்பா தபால் நிலைய அதிகாரி. அவர்கள் வீட்டுக் கூடத்தில் அவருக்கு முக்கால் ஆள் உயரத்தில் படமே இருக்கிறது. படம் இருப்பவருக்குப் பெயர் வேறு எதற்கு என்பது என் கட்சி. படத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை என்பது சம்பந்தியின் கட்சி.

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற உணவு ஆய்வாளர். அவர்கள் ஊர்க் கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நாக்கு'. ஒரு மடக்குப் பாலில் எத்தனை பங்கு தண்ணீர், அது குழாய்த் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்று சொல்வாராம். எதைச் சாப்பிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் உருட்டி, "நிறம், மணம், சுவை" என்று வரிசையாகத் தீர்ப்புச் சொல்லி, கடைசியில் "முடிவு" என்று ஒரு வார்த்தை போட்டு நிறுத்துவார். நாம் காத்திருக்க வேண்டும்.

மகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அவளைப் பார்க்க நானும் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். சாப்பாட்டு மேசையில் பத்துப் பேர் இருந்தார்கள். சம்பந்தி எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "சம்பந்தி வீட்டுல சாப்பிட்டா ஒரு சௌகரியம். போன வருஷம் சமைச்சதை இந்த வருஷம் சாப்பிடலாம். கிடங்குக்காரர் வீடாச்சே" என்றார்.

மேசையே சிரித்தது. என் மருமகன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். அது மூக்கு வழியாக வந்தது.

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். "சம்பந்தி, என் ஃப்ரீசர்ல ஐஸைத் தவிர ஒரு பட்டாணி இருந்தாக்கூட உங்க அப்பா பேரையே பிள்ளைக்கு வெச்சுக்குங்க. எப்ப வேணா வாங்க. சொல்லாம வாங்க. கதவைத் திறந்து பாருங்க."

"இல்லேன்னா?"

"பிள்ளை பிறக்கிற வரைக்கும் ஒண்ணும் கண்டுபிடிக்கலேன்னா எங்க அப்பா பேரு."

"சரி."

பெண் குழந்தையாக இருந்தால் கடைசி எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் பேசி முடித்தோம். மகள் அப்போது உள்ளே படுத்திருந்தாள். அவளைக் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இதற்கு இரண்டு மாதம் கழித்து எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். டாக்டரம்மா அறிக்கையைப் பார்த்துவிட்டு, "வாரத்துக்கு எத்தனை முட்டை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"வாரத்துக்கா? நாளைக்கு எத்தனைன்னு கேளுங்க" என்றாள் என் மனைவி.

மஞ்சள் கரு கூடாது என்று உத்தரவாயிற்று. மறுநாள் மனைவி கடையிலிருந்து நான்கு அட்டைப்பெட்டிகளோடு வந்தாள். பால் பெட்டி மாதிரியே இருந்தது, மேலே முட்டைப் படம். முட்டைக்குப் பதிலாக ஊற்றிக்கொள்கிற திரவமாம். வெள்ளைக் கருவை எடுத்து, கிருமி போகச் சூடாக்கி, மஞ்சள் நிறமும் துளி உப்பும் சேர்த்து அடைத்திருக்கிறார்கள். குலுக்கி ஊற்றினால் ஆம்லெட். முட்டையை உடைக்காமல் ஆம்லெட் போடுகிற காலம் வரை இருந்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆம்லெட் நன்றாகவே இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சிக்கல் பெட்டியின் தலையில் இருந்தது. தேதி. நான் எதை வாங்கினாலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"அஞ்சு நாள்தான் இருக்கு. எதுக்கு நாலு வாங்கினே?"

"கடைக்காரர் பாதி விலைக்குத் தள்ளினார், வாங்கிட்டேன். பெட்டியிலேயே போட்டிருக்கு பாருங்க, பிரிக்காம ஃப்ரீசர்ல வெச்சுக்கலாமாம்."

"நம்ம ஃப்ரீசர்லயா?"

"பின்னே பக்கத்து வீட்டு ஃப்ரீசர்லயா?"

"பந்தயம் என்னாகும்?"

"அப்ப கொட்டிடவா?"

உணவைச் சாக்கடையில் கொட்டிய வரலாறும் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஒரு பக்கம் அப்பாவின் பெயர், மறுபக்கம் இரண்டு லிட்டர் முட்டை. அன்று மத்தியானம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். மூன்று மணி வாக்கில் கிடங்கின் பழைய நடைமுறை நினைவுக்கு வந்தது. வந்த சரக்கை நாங்கள் பெட்டியின் அடையாளத்தை வைத்துத்தான் பதிவு செய்வோம். மீன் பெட்டியில் எலுமிச்சம்பழம் வந்தாலும் பதிவேட்டில் அது மீன். மீன் அறைக்குத்தான் போகும். உள்ளே பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலையில் சேர்ந்ததில்லை.

"ஐஸ் ட்ரேயில் ஊத்து" என்றேன்.

"எதுக்கு?"

"ஐஸ் ட்ரேயில் இருக்கிறது ஐஸ்."

மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க ரிட்டயர் ஆனது ஊருக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு ட்ரேக்களை எடுக்கப் போனாள்.

வேலையை நானே நின்று நடத்தினேன். ட்ரேக்களைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவச் சொன்னேன். ஒவ்வொரு பெட்டியாகக் குலுக்கி, பிரித்த கையோடு ஊற்றினோம். பிரித்து வைத்துப் பல நாள் ஆனதை உறைய வைக்கக் கூடாது. பிரித்தது, ஊற்றியது, மூடியது, உள்ளே வைத்தது எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. ஒவ்வொரு குழியிலும் முக்கால் பங்குதான். உறையும்போது பருத்து மேலே ஏறும். இரண்டு கட்டி சேர்ந்தால் ஒரு முட்டை, நான்கு கட்டி ஓர் ஆம்லெட். ஐந்து ட்ரே மஞ்சள், ஒரு ட்ரே வெள்ளை. ட்ரேயின் அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், தேதி எழுதி ஒட்டினேன். பழக்கம்.

உருக்குவதற்கும் முறை உண்டு. முதல் நாள் சாயங்காலமே நான்கு கட்டியை மூடியுள்ள கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். காலையில் பார்த்தால் தண்ணீர் தனியாகவும் கெட்டி தனியாகவும் பிரிந்து நிற்கும். முள்கரண்டியால் அடித்துச் சேர்த்தால் பழையபடி ஆகிவிடும். மனைவி ஒரு நாள் மறந்துபோய், காலையில் கிண்ணத்தை அடுப்புப் பக்கத்தில் மேடைமேல் வைத்துவிட்டாள். அது எப்பேர்ப்பட்ட தவறு, வெளிப்பக்கம் சூடேறி உள்பக்கம் உறைந்தே கிடக்கும்போது கிருமிக்கு எவ்வளவு கொண்டாட்டம் என்று நின்றபடியே விளக்கினேன். நான் சொல்லி முடித்தபோது அது முழுக்க உருகியிருந்தது.

"நீங்க பேசினதுல பாதி கிருமி ஓடிப்போயிருக்கும்" என்றாள்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. நானும் ஒரு சுற்று இளைத்தேன். இரண்டு ட்ரே தீர்ந்து, அவற்றில் மறுபடியும் தண்ணீர் ஏறியது. மஞ்சள் மூன்று, வெள்ளை மூன்று.

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வாசல் மணி அடித்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் சம்பந்தி, கையில் வழித் தண்ணீருக்கு ஒரு பெரிய ஃபிளாஸ்க். பின்னால் சம்பந்தியம்மா, கையில் குடை.

"சொல்லாம வரச் சொன்னீங்களே" என்றார் சம்பந்தி. செருப்பைக் கழற்றினார், நேரே சமையலறைக்கு நடந்தார். உட்காரவில்லை, நலம் விசாரிக்கவில்லை. முப்பது வருடம் கடைகளுக்குள் நுழைந்த நடை அது.

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு பின்னால் போனேன். அவர் ஃப்ரீசர் கதவைத் திறந்தார். குனிந்தார். பக்கவாட்டில் கைவிட்டுத் துழாவினார். எதுவும் இல்லை. ஒவ்வொரு ட்ரேயாக மூடியைத் தூக்கினார். வெள்ளை. வெள்ளை. மஞ்சள்.

"இது என்ன?"

நான் வாயைத் திறந்தேன். 'ஐஸ்' என்று சொல்வதாகத்தான் இருந்தேன். மூன்று வாரமாக ஒத்திகை பார்த்த பதில். ஆனால் அந்த நேரம் பார்த்து வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"பழரசம் அண்ணே" என்றாள் என் மனைவி, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல். "ஜூஸை உறைய வெச்சிருக்கேன். வெயிலுக்கு."

நாற்பது வருடம் அவளோடு குடும்பம் நடத்துகிறேன். இத்தனை சுலபமாகப் பொய் சொல்ல வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. வேறு எந்தெந்த நாளில் சொல்லியிருப்பாள் என்று யோசிக்க நேரமில்லை.

"பழரச ஐஸ்" என்றார் சம்பந்தி. "ஐஸ்தான். ஒப்புக்கிறேன்." அவர் முகம் வாடிப்போனது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்த ஏமாற்றம். பிறகு மேசைமேல் இருந்த ஆரஞ்சுச் சாற்றுக் குப்பியைப் பார்த்தார். "சரி, வந்ததுக்கு அதையாவது குடிப்போம்."

தடுப்பதற்குள் கிளாஸில் சாற்றை ஊற்றி, மஞ்சள் ட்ரேயை முறுக்கி, மூன்று கட்டிகளை உள்ளே தள்ளிவிட்டார். சம்பந்தியம்மாவுக்கும் ஒரு கிளாஸ்.

கூடத்தில் உட்கார்ந்தோம். நான் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிகள் மிதந்தன, ஓரம் கரைந்தது, கரைந்த இடத்திலிருந்து வெளிர் மஞ்சளாக ஒரு புகை கீழே இறங்கியது. சம்பந்தி ஸ்பூனால் கலக்கினார். நுரை வந்தது. நல்ல கெட்டி நுரை. கிருமி போகச் சூடாக்கியதுதான், குடித்தால் ஒன்றும் ஆகாது என்று பெட்டியில் எழுதியிருந்ததை மனசுக்குள் படித்துக்கொண்டேன்.

அவர் கண்ணை மூடினார். வாய்க்குள் உருட்டினார். சுவர்க் கடிகாரம் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"நிறம், தேவலை. மணம், ஆரஞ்சு. சுவை..." கண்ணைத் திறந்தார். "உப்பு ஒரு சிட்டிகை போட்டிருக்கு. விஷயம் தெரிஞ்ச கை. கொழகொழன்னு ஒரு செழுமை. நுங்கு மாதிரி. க்ரீம் சேர்த்தீங்களா சம்பந்தியம்மா?" என்று சமையலறைப் பக்கம் திரும்பி என் மனைவியைக் கேட்டார்.

"இல்லண்ணே."

"பப்பாளி."

"கிட்ட வந்துட்டீங்க" என்றாள் என் மனைவி.

"முடிவு: முதல் தரம்" என்றார் சம்பந்தி. இன்னொரு கிளாஸ் கேட்டார். பிறகு இன்னொன்று. மூன்று கிளாஸ், ஒன்பது கட்டி, கணக்குப்படி நாலரை முட்டை.

சம்பந்தியம்மா ஒரே ஒரு மடக்குதான் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். கடிகாரத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பந்தயத்தில் ஜெயித்த மயக்கம். குழந்தை பிறக்க இன்னும் சில வாரம்தான். என் அப்பாவின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது யாரோ ஓர் ஆசிரியை உரக்கக் கூப்பிடுகிற சத்தம்கூட என் காதில் விழுந்துவிட்டது.

அப்போதுதான் சம்பந்தி ஃபிளாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு ட்ரே குடுங்க சம்பந்தி. மருமகளுக்கு வாய்க்கு எதுவுமே பிடிக்க மாட்டேங்குது. இது அவளுக்கு இறங்கும்."

"ரெண்டு மணி நேரம் பஸ். இந்த வெயில்ல உருகிடும்" என்றேன்.

"உருகட்டும். போய்த் திரும்ப ஃப்ரீசர்ல வெச்சா கட்டியாகிடப் போகுது. பழரசம்தானே. தினம் ரெண்டு வேளை நானே கையால கலந்து குடுக்கிறேன்."

என் மனைவியின் கத்தி நின்றது.

கிடங்கு வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை உண்டு. சிவப்புச் சாயத்தில் என் கையால் எழுதியது: 'உருகியதை மீண்டும் உறைய வைக்காதே.' வழியில் உருகி வந்த ஒரு லாரிச் சரக்கை முழுசாகத் திருப்பி அனுப்பியவன் நான். முதலாளியே போனில் கூப்பிட்டுக் கெஞ்சியும் அசையவில்லை. இப்போது வெயிலில் உருகி, பஸ்ஸில் குலுங்கி, மறுபடி உறைந்து, மறுபடி உருகிய முட்டையைப் பச்சையாக, அதுவும் எட்டு மாதக் கர்ப்பிணிக்கு, அதுவும் என் மகளுக்கு, தினம் இரண்டு வேளை.

"வெள்ளை ஐஸ் தரேன்" என்றேன்.

"தண்ணி எங்க ஊர்லயும் வருது."

மனைவி சமையலறையிலிருந்து பாதி காலியான ட்ரேயோடு வந்தாள். கூடத்து நடுவில் கை தவறியது. தவறிய அழகை நான் கவனித்தேன். காலைக்கூடத் தள்ளி வைத்துக்கொண்டுதான் தவறவிட்டாள். கட்டிகள் சோபா அடிவரை ஓடின.

"ஐயோ போச்சே" என்றாள்.

"பரவாயில்ல, இன்னும் ரெண்டு ட்ரே இருக்கே" என்றார் சம்பந்தி. எண்ணி வைத்திருக்கிறார். ஆய்வாளர்.

மனைவி குனிந்து பொறுக்குகிற சாக்கில் என் பக்கம் வந்தாள். "குடுத்து அனுப்பிடுங்க. பொண்ணுகிட்ட போன்ல சொல்லிடலாம், குடிக்காதேன்னு" என்று முணுமுணுத்தாள்.

சொல்லலாம்தான். ஆனால் மகள் மத்தியானம் போனை அணைத்துவிட்டுத் தூங்குவாள். பஸ் சீக்கிரம் போய்விட்டால்? இந்த மனிதர் கிளாஸோடு போய்க் கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டால்? அப்பாவின் பெயர் பெரிதுதான். ஆனால் அந்தப் பெயரை அழைத்தால் திரும்பிப் பார்க்க ஒரு குழந்தை நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயம் இல்லை அது.

"சம்பந்தி, அது பழரசம் இல்ல."

"பின்னே?"

"முட்டை."

அவர் காலி கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கிளாஸைப் பார்த்தார்.

"கோழி முட்டையா?"

"பாக்கெட் முட்டை. வெள்ளைக் கரு மட்டும். காய்ச்சிப் பதப்படுத்தினது, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உருகினதைத் திரும்ப உறைய வெச்சுப் பச்சையா வயித்துப் பிள்ளைக்காரிக்குக் குடுக்கிறதை நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. என் ஃப்ரீசர்ல ஐஸைத் தவிர வேற இருந்துச்சு. பந்தயத்துல நீங்க ஜெயிச்சீங்க."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். எதிர் வீட்டு மாடியில் யாரோ துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடது தோள் சில்லென்று இருந்தது. விசிறிக் காற்றாக இருக்கலாம்.

சம்பந்திக்குச் சுதாரித்துக்கொள்ள அரை நிமிஷம் ஆயிற்று. அப்புறம் பெருமூச்சு விட்டு, வேட்டைக்காரர் மாதிரி காலை அகட்டி வைத்துக்கொண்டார். "எனக்கு முதல் மடக்குலயே சந்தேகம் சம்பந்தி. மரியாதைக்குச் சும்மா இருந்தேன். முப்பது வருஷம் ஊரை ஏமாத்த விடாத நாக்கு இது. முட்டைன்னா முட்டை, மோர்னா மோர், இந்த நாக்கைத் தாண்டி..."

"அந்த நாக்கைக் கொஞ்சம் உள்ள வைங்க" என்றார் சம்பந்தியம்மா.

அதுவரை அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தினம் காலையில என்ன சாப்பிடுறீங்க?"

"ஆம்லெட். எதுக்குக் கேக்கறே?"

"எந்த முட்டையில?"

"பண்ணை முட்டை. உன் தம்பிக்குத் தெரிஞ்ச பண்ணையிலேர்ந்து வர்றது."

"என் தம்பிக்கு எந்தப் பண்ணையும் தெரியாது. அவனுக்குக் கோழின்னாலே பயம். ரெண்டு வருஷமா பாக்கெட்தான். உங்க டாக்டர் சொன்னார், மஞ்சக் கருவை நிறுத்துங்கன்னு. சொன்னா கேக்கற ஆளா நீங்க? நானும் ட்ரேயிலதான் உறைய வெச்சு, கட்டிகளைப் பட்டாணிப் பைக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். போன மாசம் ஒரு நாள் கண்ணை மூடிக்கிட்டு, 'இது இன்னிக்குக் காலையில இட்ட முட்டை'ன்னு தீர்ப்புச் சொன்னீங்களே, அது ரெண்டு மாசம் முந்தி உறைய வெச்சது."

சம்பந்தி நாக்கை வாய்க்குள் ஒரு முறை சுழற்றிப் பார்த்தார். வேலை செய்கிறதா என்று சோதித்தார் போலிருக்கிறது.

சம்பந்தியம்மா என் மனைவியின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "எனக்கு உருகினா தண்ணியும் கெட்டியுமா பிரிஞ்சுக்கிட்டு நிக்குது அண்ணி. உங்களுக்கு எப்படி?"

"முள்கரண்டியால நல்லா அடிக்கணும். அடுப்பைக் குறைச்சு வைங்க. முதல் நாளே கீழ்த்தட்டுல எடுத்து வெச்சிருவீங்களா?"

"மறந்துடும். குளிர்ந்த தண்ணியில கிண்ணத்தோட வெச்சுடுவேன்."

"அதுவும் சரிதான். மேடைமேல மட்டும் வெச்சுடாதீங்க. இங்க ஒரு பிரசங்கம் நடக்கும்."

இரண்டு பேரும் பேசிக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும், நடுவில் அந்த ஃபிளாஸ்க்.

சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். "உங்க அப்பா பேரையே வெச்சுடலாம் சம்பந்தி."

"முடியாது. நான் தோத்துட்டேன். உங்க அப்பா பேரு."

"ஒன்பது கட்டி முழுங்கிட்டு முதல் தரம்னு சொன்னவன் ஜெயிச்சேன்னு வெளியில தலை காட்ட முடியுமா? உங்க அப்பா பேருதான்."

"தோத்தவன் கையில பிச்சை வாங்கற குடும்பம் இல்ல எங்களுது. ஜெயிச்சவர் கையில வாங்கறதும் இல்ல. உங்க அப்பா பேருதான்."

"அவருக்குத்தான் படம் இருக்கே."

"படத்துக்கும் பேருக்கும் சம்பந்தம் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

குரல் ஏறிவிட்டது. ஐந்தாம் மாதம் நடந்த சண்டையில்கூட அவ்வளவு ஏறவில்லை. அவர் மேசையைத் தட்டினார், ஃபிளாஸ்க் உருண்டது. நான் பிடித்து நிறுத்தினேன். என் அப்பாவின் பெயரைக் கேவலப்படுத்துகிறேன் என்று அவர் என்னைக் குற்றம் சாட்டினார். அவர் அப்பாவின் சேவையை அவரே மதிக்கவில்லை என்று நான் சொன்னேன். தபால் துறையைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் ஐஸ் பாளத்தின் எடையைக் கேட்டு, "ஒரு தோள்லயா?" என்று மலைத்தார், உடனே அதையே எனக்கு எதிராக வாதமாக்கினார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. அதுவரை விடவில்லை.

மேசையில் உட்கார்ந்ததும் சம்பந்தியம்மா கையில் இருந்த போனை நீட்டினார். மகள்.

"அப்பா, என் வயித்துல இருக்கிறதை வெச்சு ரெண்டு பேரும் பந்தயம் கட்டினீங்களா?"

"அது வந்து..."

"மாமா பக்கத்துல இருக்காரா? அவருக்கும் கேக்கட்டும். பேரு முடிவாயிடுச்சு. அம்மாவும் அத்தையும் நானும் இப்பத்தான் பேசி வெச்சோம். பையன்னா ஒண்ணு, பொண்ணுன்னா ஒண்ணு. ரெண்டும் உங்க ரெண்டு பேர் அப்பாவுக்கும் தெரியாத பேரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் அப்பா, நீங்களா வாயைத் திறந்து சொன்னீங்களாமே. அம்மா சொன்னாங்க."

"ம்."

"ஆரஞ்சு ஜூஸ் மட்டும் குடுத்து அனுப்புங்க. முட்டை இல்லாம."

எனக்கும் சம்பந்திக்கும் அன்று ஆம்லெட் வைத்தார்கள். தலைக்கு நான்கு கட்டி. அவர் கண்ணை மூடாமல் சாப்பிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. பெண்கள் மூவரும் தேர்ந்தெடுத்த பெயர்தான் பதிவேட்டில் இருக்கிறது. நல்ல பெயர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சம்பந்தி அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. என் அப்பாவின் பெயரில் கடைசி எழுத்தை மாற்றி, தெருவுக்கே கேட்கிறமாதிரி கூப்பிடுகிறார். விட்டுக்கொடுக்க நானும் தயாரில்லை. நான் அவர் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறது. பதிவேட்டுப் பெயருக்கு மட்டும் சில சமயம் திரும்புவதில்லை என்று மகளுக்குக் கோபம்.

மாதம் ஒரு சனிக்கிழமை சம்பந்தி சொல்லாமல் வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய் ஃப்ரீசரைத் திறக்கிறார், மூடிகளைத் தூக்கிப் பார்க்கிறார், மூடுகிறார். பிறகு கூடத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்கிறார். மழை பெய்கிற நாளிலும் அதையே சொல்கிறார். என் மனைவி ஆரஞ்சுச் சாற்றில் மூன்று கட்டி போட்டுக் கொண்டுவந்து வைக்கிறாள்.

"ஐஸ் எடுத்துக்குங்க சம்பந்தி" என்கிறேன் நான்.